பத்து இடங்களும் ஐந்து இடங்களும்

சற்று நீண்ட பதிவு. நேரில் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்ட ஒன்றை இங்கே முழுமையாக எழுதிப் பார்க்கிறேன்.

சென்ற வாரம் விடுதி உணவுக்கூடத்தில் முதுகலை மாணவர்கள் மூவர் என்னெதிரே வந்தமர்ந்தனர். பார்வைக் குறைபாடுடைய மாணவர்களுக்குப் பாடநூல்கள் ஒலிவடிவில் கிடைக்க வேண்டும் என்ற ஒரே கோரிக்கைக்காகச் சிறு குழுவொன்றை நடத்திவருபவர்கள். மாணவர் பேரவைத் தேர்தல் நெருங்குகிறது. களத்தில் இரண்டு பெரிய அணிகள். அவற்றுள் ஒன்று இவர்களை அழைத்திருக்கிறது. பேரவையில் ஓர் இடம் தருவார்களாம்; பதிலுக்குக் குழு அந்த அணியோடு இணைந்துவிட வேண்டுமாம். "நீங்கள் இதையெல்லாம் பார்த்தவர்தானே, சேரலாமா அக்கா?" என்று மதுரைப் பக்கத்துப் பெண் கேட்டாள்.

நான் துவெர்ஜேயைப் பற்றிப் பேசினேன். ஒரு தொகுதிக்கு ஒருவர், அதிக வாக்குப் பெற்றவரே வென்றவர் என்ற தேர்தல் முறை காலப்போக்கில் இருகட்சி அமைப்பை நோக்கி நகரும் என்று அந்தப் பிரெஞ்சு அறிஞர் 1951-இல் எழுதியதை விளக்கினேன். மூன்றாம் கட்சிக்குப் போடும் வாக்கு வீண் என்று வாக்காளர் எண்ணத் தொடங்குவதே அதன் உளவியல் காரணம் என்றேன். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனார்கள். கேட்ட கேள்விக்கு நான் விடை சொல்லவில்லை என்பது மூவருக்கும் தெரிந்திருக்கும். விடை சொல்ல வேண்டுமானால் என் கதையைச் சொல்ல வேண்டும். அதைத் தவிர்க்கவே கோட்பாட்டின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

கதை இதுதான். மொழியியல் முதுகலை படித்தது வேறொரு நகரத்தில். தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்துச் சென்றவள் நான். முதல் பருவத்தில் விரிவுரைகளில் பாதி புரியவில்லை. என்னைப்போல ஒடியா, மைதிலி, சந்தாலி, மராத்தி வழியாக வந்தவர்கள் ஒன்பது பேர் சேர்ந்தோம். ஆங்கிலவழியில் படிக்காதவர்களுக்கு முதலாண்டில் கல்விசார் ஆங்கிலம் கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும், அதுவரை உள்மதிப்பீட்டுத் தேர்வுகளில் மொழிப்பிழைகளுக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது என்பவை எங்கள் கோரிக்கைகள். முதல் தேர்தலில் தனித்து நின்றோம், தோற்றோம். ஆனால் நாங்கள் பெற்ற வாக்குகள், வென்ற அணிக்கும் தோற்ற அணிக்கும் இடையிலிருந்த வேறுபாட்டைவிட அதிகம். அதற்கடுத்த ஆண்டு அழைப்பு வந்தது. ஓர் இடம், தேர்தல் அறிக்கையில் எங்கள் கோரிக்கை, குழுவைக் கலைத்தல். ஒப்புக்கொள்வோம் என்று வாதிட்டவர்களில் முதன்மையானவள் நான். அந்த ஓர் இடமும் எனக்கே கிடைத்தது.

அறிக்கையில் எங்கள் கோரிக்கை பதினேழாவதாக அச்சாகியிருந்தது. அணி வென்றது. பேரவையில் ஓராண்டு அமர்ந்திருந்தேன். கோரிக்கையை எழுப்பிய ஒவ்வொரு முறையும் 'உரிய நேரத்தில்' என்ற விடை வந்தது. வெளியேறுவேன் என்று சொல்லக்கூட வழியில்லை. வெளியேறிப் போய் நிற்க ஓர் இடம் இருக்கவில்லை. குழுவைத்தான் கலைத்துவிட்டோமே. எங்களோடு இருந்த சந்தாலி மொழி பேசும் தோழர், எங்களுள் மிகக் கூர்மையானவர், இரண்டு தாள்களில் மீண்டும் தேர்ச்சி பெறாமல் படிப்பை விட்டு ஊருக்குத் திரும்பினார். என் தன்விவரக் குறிப்பில் 'மாணவர் பேரவை உறுப்பினர்' என்ற வரி இன்றும் இருக்கிறது.

அந்த ஆண்டின் இறுதியில், கரீம்நகர்ப் பகுதியிலிருந்து வந்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மூத்த மாணவர் ஒருவரிடம் இதையெல்லாம் சொல்லிப் புலம்பினேன். அவர் சிரிக்கவில்லை. "எங்கள் தாத்தா காலத்தில் நடந்ததைத்தான் நீங்களும் செய்திருக்கிறீர்கள் அம்மா. சரக்கோடு சேர்த்துக் கடையையும் விற்றுவிட்டீர்கள்" என்றார். அவர் சொன்னது 1971-ஐ. அந்த ஆண்டைப் பற்றி எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. பிறகு ஆய்வுக்காக ஹைதராபாத்துக்கு வந்த பின்தான் அந்த வாக்கியத்தின் முழுப்பொருள் விளங்கியது.

தெலங்கானாவின் கதையை மாநிலப் பிரிவினையின் கதையாகவே பெரும்பாலும் படிக்கிறோம். இரண்டு பெரும் கட்சிகள் ஆண்டுவந்த ஓர் அமைப்பில் ஒரு சிறு கட்சி எப்படித் தன் ஒற்றைக் கோரிக்கையை நிறைவேற்றிக்கொண்டது என்ற கோணத்திலும் அதைப் படிக்கலாம்.

1956 நவம்பர் 1-இல் ஆந்திர மாநிலமும் பழைய ஹைதராபாத் மாநிலத்தின் தெலுங்குப் பகுதியும் இணைந்து ஆந்திரப் பிரதேசம் உருவாயிற்று. ஹைதராபாத்தை உடனே இணைக்க வேண்டாம், சில ஆண்டுகள் தனியாக இருக்கட்டும் என்பதே அதற்கு முந்தைய ஆண்டு ஃபசல் அலி ஆணையம் தந்த பரிந்துரை. அதைமீறி இணைப்பு நடந்தது. தெலங்கானாவுக்கு அளிக்கப்பட்ட பாதுகாப்பு வாக்குறுதிகள் மீறப்படுகின்றன என்று 1969-இல் மாணவர்களும் அரசு ஊழியர்களும் கிளர்ந்தெழுந்தனர். இயக்கத்தார் கணக்குப்படி 369 பேர் உயிரிழந்தனர். அந்தக் கிளர்ச்சியிலிருந்து எழுந்த தெலங்கானா பிரஜா சமிதி, மர்ரி சென்னா ரெட்டியின் தலைமையில், 1971 மக்களவைத் தேர்தலில் தெலங்கானாவின் 14 இடங்களில் 10 இடங்களை வென்றது. அதே ஆண்டிலேயே காங்கிரசோடு இணைந்தும்விட்டது. முதலமைச்சர் மாற்றப்பட்டார்; தெலங்கானாவைச் சேர்ந்த பி.வி. நரசிம்ம ராவ் அப்பொறுப்புக்கு வந்தார். பின்னாளில் சென்னா ரெட்டியும் முதலமைச்சரானார். தனிமாநிலம் மட்டும் வரவில்லை.

முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2004-இல், தெலங்கானா ராஷ்டிர சமிதி வென்ற மக்களவை இடங்கள் 5. முன்னதில் பாதி. ஆயினும் அந்தக் கட்சியின் தலைவர் கே. சந்திரசேகர ராவ் மத்திய அமைச்சரானார். ஐக்கிய முற்போக்குக் கூட்டணியின் குறைந்தபட்சப் பொதுத் திட்டத்தில் தெலங்கானா என்ற சொல் இடம்பெற்றது. குடியரசுத் தலைவர் உரையிலும் ஏறியது. பத்து இடங்களால் இயலாதது ஐந்து இடங்களால் எப்படி இயன்றது?

விடை வென்றவரின் கணக்கில் இல்லை. வாங்குபவரின் கணக்கில் இருக்கிறது. 1971-இல் இந்திரா காந்தியின் காங்கிரசுக்கு மக்களவையில் 352 இடங்கள். பத்துப் பேர் வந்தாலும் வராவிட்டாலும் அவருடைய ஆட்சிக்கு ஒன்றும் நேராது. ஆந்திரத்திலும் அப்போது காங்கிரசுக்கு ஈடான இன்னொரு கட்சி இல்லை. விலை கேட்பவர் ஒரே ஒருவர். அவருக்கோ தேவை இல்லை. 2004-இல் காங்கிரசுக்கு மக்களவையில் 145 இடங்களே. மாநிலத்திலோ, 1982-இல் என்.டி. ராமராவ் தெலுங்கு தேசத்தைத் தொடங்கி அடுத்த ஆண்டே ஆட்சியைப் பிடித்தது முதல், இரண்டு கட்சிகள் மாறி மாறி வெல்லும் அமைப்பு உருவாகியிருந்தது. இருகட்சி முறை சிறுகட்சிகளை நசுக்குகிறது என்பது உண்மை. ஆனால் அந்த இரண்டு கட்சிகளும் ஏறத்தாழச் சமபலத்தில் நிற்கும்போது, இடையிலுள்ள சிறு இடைவெளிக்குத் தன் அளவுக்கு மீறிய விலை கிடைக்கிறது. சிறுகட்சியின் எடை அதன் சொந்த எடையன்று. தராசின் நிலையைப் பொறுத்தது.

இதற்கு அரசியல் அறிவியலில் பெயர் உண்டு. இத்தாலிய அறிஞர் ஜொவான்னி சார்த்தோரி 1976-இல், ஒரு சிறுகட்சியைக் கணக்கில் கொள்ள வேண்டுமா என்பதற்கு இரண்டு அளவுகோல்களைத் தந்தார்: ஆட்சி அமைக்க அது தேவைப்படுமா, அல்லது அது இருப்பதாலேயே பெரிய கட்சிகள் தம் போக்கை மாற்றிக்கொள்ள நேருமா. முன்னது கூட்டணி ஆற்றல், பின்னது அச்சுறுத்தும் ஆற்றல். எத்தனை வாக்கு என்ற கேள்விக்கு இவ்விரண்டிலும் நேரடி இடமில்லை.

வாக்கு எண்ணிக்கை எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு 2009-ஐப் பாருங்கள். அவ்வாண்டு ஆந்திரப் பிரதேசச் சட்டமன்றத் தேர்தலில், திரைநடிகர் சிரஞ்சீவி தொடங்கிய பிரஜா ராஜ்யம் சுமார் 16 விழுக்காடு வாக்குப் பெற்றது. 294-இல் 18 இடங்கள். தெலங்கானா ராஷ்டிர சமிதி சுமார் 4 விழுக்காடு, 10 இடங்கள். நான்கு மடங்கு வாக்குப் பெற்ற கட்சி இரண்டே ஆண்டுகளில் காங்கிரசில் கரைந்துபோனது. நான்கு விழுக்காடு பெற்ற கட்சி ஐந்து ஆண்டுகளில் மாநிலம் ஒன்றைப் பெற்றது. ஒன்றின் வாக்குகள் மாநிலமெங்கும் பரவிக் கிடந்தன. மற்றதன் வாக்குகள் ஒரு நிலப்பரப்பில் குவிந்திருந்தன. அதைவிட முக்கியமாக, பிரஜா ராஜ்யத்திடம் 'என்ன வேண்டும்?' என்று கேட்டால் 'ஆட்சி' என்பதைத் தவிர வேறு விடை இல்லை. பெரிய கட்சிகளிடம் ஏற்கெனவே இருக்கும் பொருளை விற்க வந்தவருக்குச் சந்தையில் இடமில்லை.

மொழியியல் மாணவியாக என்னை ஈர்த்தது வேறொன்று. தெலுங்கைப் பாடநூல்வழிக் கற்றுக்கொண்டு ஹைதராபாத்தில் இறங்கியவள் நான். நான் கற்றது கிருஷ்ணா, குண்டூர்ப் பகுதி வழக்கைத் தழுவிய தெலுங்கு. முதல் வாரத்தில் தேநீர்க் கடைக்காரர், "நீங்கள் செய்தி வாசிப்பதுபோல் பேசுகிறீர்கள்" என்றார். தெலங்கானா வழக்கில் சுட்டுச்சொற்களின் முன்னே ஒரு ககர ஒலி வந்து ஒட்டிக்கொள்ளும். உருதுச் சொற்கள் இயல்பாகக் கலந்துவரும். அதைப் பல பத்தாண்டுகள் 'யாஸ', அதாவது கொச்சை வழக்கு, என்றே அழைத்துவந்தனர். பழைய தெலுங்குப் படங்களில் நாயகன் கடலோரத் தெலுங்கு பேசுவான். ரௌடியும் கோமாளியும் தெலங்கானா வழக்குப் பேசுவார்கள். ஒரே மொழி பேசுவோர் ஒரே மாநிலம் என்ற கொள்கையில் எழுந்த மாநிலத்தில், அம்மொழிக்குள்ளேயே ஒரு பகுதியினர் நகைப்புக்குரியவராக இருந்தனர். தண்ணீர், நிதி, வேலைவாய்ப்பு ஆகிய முழக்கங்களுக்கு அடியில் இந்த வடு இருந்தது. காளோஜி நாராயண ராவ் பிறந்த செப்டம்பர் 9, இன்று தெலங்கானா மொழிநாளாகக் கொண்டாடப்படுகிறது. தேர்தல் வராத ஆண்டுகளிலும் இயக்கத்தை உயிரோடு வைத்திருந்தவை பாட்டும் வழக்குமொழியும் பதுகம்மா விழாவுமே என்று என் களப்பணியில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அந்தச் சிறுகட்சி செய்த பெரிய காரியத்தையும் மொழிச்செயலாகவே பார்க்கிறேன். இரண்டு பெரும் கட்சிகளையும் வெவ்வேறு காலங்களில் ஒரே சொல்லை உச்சரிக்க வைத்ததுதான் அது. 2004-இல் காங்கிரசோடு கூட்டணி. காங்கிரஸ் அச்சொல்லைச் சொன்னது. சொன்ன விதத்தில் தப்பிக்கும் வழிகள் இருந்தன: 'உரிய நேரத்தில்', 'கலந்தாலோசித்து', 'கருத்தொற்றுமையோடு'. நேரம் வரவேயில்லை. 2006-இல் சந்திரசேகர ராவ் அமைச்சரவையிலிருந்து விலகினார். 2008 அக்டோபரில், ஒன்றுபட்ட மாநிலத்தையே வலியுறுத்திவந்த தெலுங்கு தேசம் தனித் தெலங்கானாவை ஏற்பதாக அறிவித்தது. 2009 தேர்தலில் சமிதி அக்கட்சியோடு நின்றது. பாரதிய ஜனதா கட்சி 1997-லேயே காக்கிநாடாவில் இரு மாநிலங்களுக்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டிருந்தது. சந்தர்ப்பவாதம் என்று இதை எள்ளி நகையாடியவர்கள் உண்டு. ஆனால் 2009 நவம்பர் 29-இல் சந்திரசேகர ராவ் உண்ணாநோன்பைத் தொடங்கியபோது, 'நாங்கள் இதை ஒருபோதும் ஏற்றதில்லை' என்று சொல்லும் நிலையில் இரண்டு பெரும் கட்சிகளும் இல்லை. டிசம்பர் 9-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, தனிமாநிலம் அமைக்கும் நடவடிக்கைகள் தொடங்கும் என்று ப. சிதம்பரம் அறிவித்தார். கடலோர ஆந்திரத்திலும் ராயலசீமையிலும் எழுந்த எதிர்ப்பால் இரு வாரங்களில் மத்திய அரசு பின்வாங்கியது. அதற்குள் சொல் வாய்விட்டு வெளியே வந்துவிட்டது.

பதவி விலகி மீண்டும் தேர்தலைச் சந்திப்பது அந்தக் கட்சியின் இன்னொரு வழி. அது எப்போதும் பலித்ததில்லை. 2008-இல் 16 சட்டமன்ற உறுப்பினர்கள் விலகி நின்றபோது 7 பேரே திரும்பி வந்தனர். 2010 ஜூலையில் 12 தொகுதிகளில் நடந்த இடைத்தேர்தலில் 11-ஐச் சமிதியும், எஞ்சிய ஒன்றைத் தெலங்கானாவை ஆதரித்த பாரதிய ஜனதாவும் வென்றன. தங்களைத் தாங்களே அளந்துகொள்ள அஞ்சாத ஒரு கட்சி, அந்த அளவை மற்றவர்களும் பார்க்கும்படி செய்தது.

இதைக் கட்சியின் சாமர்த்தியம் என்று மட்டும் எழுதினால் அது பொய்யாகிவிடும். உஸ்மானியா பல்கலைக்கழக மாணவர்கள், பேராசிரியர் ஜெயசங்கர் போன்றோர், கோதண்டராம் தலைமையிலான கூட்டு நடவடிக்கைக் குழு, 2011-இல் 42 நாள் நீடித்த அனைத்து மக்கள் வேலைநிறுத்தம் ஆகியவை இன்றி அந்தப் பேரத்துக்கு மதிப்பே இருந்திருக்காது. இளைஞர் பலர் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். பேர ஆற்றல், அச்சுறுத்தும் ஆற்றல் என்று நாம் கருத்தரங்குகளில் சொல்லும் சொற்களுக்குப் பின்னால் அந்தத் தாய்மார்கள் இருக்கிறார்கள். இதை மறந்து 'வெற்றிபெற்ற உத்தி' என்று எழுதும் கட்டுரைகளை என்னால் படிக்க முடிவதில்லை.

2014 பிப்ரவரியில் மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியது. ஜூன் 2-இல் மாநிலம் பிறந்தது. மாநிலம் தந்தால் கட்சியைக் காங்கிரசோடு இணைத்துவிடலாம் என்ற பேச்சு அதுவரை நடந்துவந்தது. மசோதா நிறைவேறிய பின், மார்ச்சில், இணைப்பு இல்லை என்று சந்திரசேகர ராவ் அறிவித்தார். நம்பிக்கைத் துரோகம் என்றனர் காங்கிரசார். 1971-ஐ நினைவில் வைத்திருந்தவர்களுக்கு அது வேறாகத் தோன்றியிருக்கும். முதல் தேர்தலிலேயே 119-இல் 63 இடங்களை வென்று சமிதி ஆட்சி அமைத்தது. மாநிலத்தைத் தந்த காங்கிரஸ் அங்கே தோற்றது. மறுபுறம் ஆந்திரத்தில் 175-இல் ஓர் இடம்கூடப் பெறவில்லை.

கதை அத்தோடு முடியவில்லை. சிறுகட்சி பெரிய கட்சியானது. 2022-இல் தன் பெயரிலிருந்து 'தெலங்கானா'வை நீக்கி 'பாரத்' என்று மாற்றிக்கொண்டது. அடுத்த ஆண்டு தேர்தலில் 39 இடங்களோடு ஆட்சியை இழந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் ஓர் இடமும் இல்லை. தோல்விக்குப் பெயர்மாற்றமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆட்சிமீதான குறைகள் பல. ஆனால் எல்லோரையும் உச்சரிக்க வைத்த சொல்லைத் தானே உச்சரிக்காமல் விட்ட ஒரு கட்சியை, மொழி படித்தவளால் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

இனி அந்த மூவருக்கு.

சேரலாமா என்று கேட்டீர்கள். சேருங்கள், ஆனால் இணையாதீர்கள். கூட்டு என்பது வேறு, கரைதல் என்பது வேறு. இரண்டு அணிகளுக்கும் இடையில் சென்ற ஆண்டு எத்தனை வாக்கு வேறுபாடு என்று பாருங்கள். அது உங்கள் வாக்கைவிடப் பெரிதானால், இன்று நீங்கள் கேட்பதற்கு விலை கிடைக்காது. ஓராண்டு பொறுத்து, துறை துறையாகச் சென்று ஆள் சேருங்கள். சிறிதானால் இரண்டு அணிகளிடமும் பேசுங்கள். உங்கள் கோரிக்கையை இரண்டு அறிக்கைகளிலும் அச்சேற வையுங்கள். எத்தனையாவது கோரிக்கை என்பதைப் பாருங்கள். 'உரிய நேரத்தில்' என்ற சொல் இருந்தால் அடித்துவிட்டுத் தேதியை எழுதச் சொல்லுங்கள். உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை மட்டும் எக்காரணத்தாலும் நிறுத்தாதீர்கள். விலகினால் திரும்பிவர ஒரு வீடு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்வரைதான் உங்கள் பேச்சைக் கேட்பார்கள்.

இன்னொன்று. ஓர் இடம் தருகிறார்கள் என்றால், அதில் யார் அமர்வது என்பதைக் கடைசியாகப் பேசுங்கள். நாங்கள் அதை முதலில் பேசினோம்.

ஊருக்குத் திரும்பிய தோழருக்கு இரண்டு ஆண்டுகளாக எழுத நினைத்து எழுதாமல் இருந்தேன். இந்தப் பதிவைத் தொடங்கும் முன் எழுதிவிட்டேன். இப்போது தம் பகுதியில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சந்தாலி கற்பிக்கிறார். "இடத்தில் அமர்ந்தது நீ, ஆனால் கை தூக்கியது ஒன்பது பேரும்தான்" என்று மறுமொழி வந்தது. அது பெருந்தன்மை. கணக்கு அப்படியன்று என்பது எனக்குத் தெரியும்.

நாளை மாலை உணவுக்கூடத்தில் இருப்பேன். மூவரும் வாருங்கள். இம்முறை துவெர்ஜேயைக் கூட்டிவர மாட்டேன்.